இருபத்து மூன்றில் ஒன்றை விழுங்கிய பட்டியல்

மகா, பெங்களூரில் அல்சூர் பஜார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிறந்து, அதிலிருந்து இரண்டு சந்து தள்ளி வாழ்க்கைப்பட்டவள். முப்பத்தாறு வருடத்தில் அவள் செய்த பெரிய இடப்பெயர்ச்சி அதுதான். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது வரைக்கும் ஒழுங்காகப் போனாள். பத்தாவதில் அவளும் கணக்குப் பாடமும் ஒருவரையொருவர் கைவிட்டார்கள். பிறகு ஒரு கார்மென்ட்ஸில் ஏழு வருடம் சட்டைக் காலர் தைத்தாள். காலர் மட்டும். இன்றைக்கும் புது ஆள் யாராவது எதிரே வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டாள், கழுத்தைத்தான் பார்ப்பாள். எத்திராஜ் பெண் பார்க்க வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளை எப்படி என்று கேட்டார்கள். "இடது பக்கம் தையல் பிரிஞ்சிருக்கு" என்றாள். பிடித்திருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு கட்டிவைத்துவிட்டார்கள்.

இப்போது ஆறு வருடமாக அவள் ஒரு மழலையர் பள்ளியின் வேனில் ஆயம்மா. காலையில் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போவது, மத்தியானம் பன்னிரண்டரைக்கு அவர்களைத் திரும்ப விநியோகிப்பது, இதுதான் வேலை. எல்கேஜியும் யூகேஜியுமாக மொத்தம் இருபத்து மூன்று பேர். இதில் பாதிப் பேருக்கு வீட்டு விலாசம் கேட்டால் அம்மா என்று சொல்லத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

பள்ளி ஆபீஸில் விலாசம் இருக்கிறது, ஆனால் அது அட்மிஷன் போட்ட அன்றைக்கு இருந்த விலாசம். அதற்குப் பிறகு ஒரு குடும்பம் வீடு மாறியிருக்கும், ஒரு பிள்ளையை அப்பாவின் செருப்புக் கடையில் இறக்கவேண்டியிருக்கும், இன்னொன்றை மர்பி டவுன் அத்தை வந்து வாங்கிக்கொள்வாள். எந்தக் காகிதத்திலும் இது கிடையாது. முழுவதும் மகாவின் தலைக்குள்தான் கிடந்தது. ஆறு வருடத்தில் அவள் ஒரு பிள்ளையையும் விட்டுவிட்டு வந்ததில்லை, மாற்றி இறக்கியதுமில்லை. பெரிதாகச் சொல்லிக்கொள்ள அவளிடம் இருந்தது அது ஒன்றுதான்.

வந்தது வினை வியாழக்கிழமை ரூபத்தில். கோலார் தங்கவயலில் தம்பி பெண்டாட்டிக்கு வளைகாப்பு. மகா ஒரே நாத்தனார். நாத்தனார் கையால் முதல் வளையல் ஏறாவிட்டால் பிறக்கப்போகிற பிள்ளைக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். லீவு கேட்டாள். ஆபீஸில் கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு.

"சரசு உன் வண்டிக்கு வருவா. எந்தப் பிள்ள எங்க எறங்குதுன்னு அவளுக்கு லிஸ்ட் குடுத்துட்டுப் போ."

சரசு வேறு வேனின் ஆயம்மா. தமிழ் சரளமாகப் பேசுவாள், சண்டையென்றால் இன்னும் சரளம். படிக்கமட்டும் வராது. அவளுக்குத் தெரிந்தது கன்னட எழுத்தும் இங்கிலீஷும். மகாவுக்கோ தமிழ் எழுத்துதான் கைக்குப் பழக்கம். சாதாரணமாக இருந்தால் யாரையாவது பிடித்து எழுதச்சொல்லியிருப்பாள். ஆனால் அந்தச் சமயத்தில் அவளுக்குப் பைத்தான் பிடித்திருந்தது.

அது நடந்தது இப்படி. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் 'பெண்களுக்கு இலவச கம்ப்யூட்டர் வகுப்பு, தேநீர் உண்டு' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். டைப் அடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனாள். போன பிறகுதான் தெரிந்தது, அது பைத்தானில் புரோகிராம் எழுதும் வகுப்பு. டீயைக் குடித்துவிட்டதால் எழுந்து வர மனசு கேட்கவில்லை. ஆறு சனிக்கிழமையாகப் போய்க்கொண்டிருந்தாள். பாடம் எடுப்பவள் ஸ்வர்ணா, ஐடி கம்பெனிக்காரி, இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கோபமே வராத பெண். ஒருத்தருக்குக் கோபமே வராவிட்டால் நாம் எவ்வளவு மக்கு என்பது நமக்குத் தெரியாமலேயே போய்விடும் என்பது மகாவின் கவலை.

அந்தச் சனிக்கிழமைப் பாடம் டிக்‌ஷனரி.

"ரொம்ப சிம்பிள் அக்கா. கீ ஒண்ணு, வேல்யூ ஒண்ணு. கீயைக் குடுத்தா வேல்யூவை எடுத்துக் குடுக்கும். கர்நாடகான்னு கேட்டா பெங்களூருன்னு சொல்லும்."

"பெங்களூருன்னு கேட்டா கர்நாடகான்னு சொல்லுமா?"

"சொல்லாது. எரர் வரும்."

"ஏம்மா, இந்தப் பக்கம் தெரிஞ்சது அந்தப் பக்கம் தெரியாதா?"

"தெரியாது அக்கா. கீ வழியாத்தான் உள்ள போகமுடியும்."

"எங்க வீட்டுக்காரர் கூட அப்படித்தான். மாமியார் பேரு என்னன்னு கேட்டா டக்குனு சொல்லுவாரு. எங்க அம்மாவே எதிர்ல வந்து நின்னா யாருன்னு முழிப்பாரு."

ஸ்வர்ணா சிரித்துவிட்டாள். "கரெக்ட்டா அதேதான். சரி, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு விஷயத்தை டிக்‌ஷனரியாப் போட்டுட்டு வாங்க. அடுத்த வாரம் பாக்கலாம்."

நன்றாகத் தெரிந்த விஷயம் மகாவுக்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பிள்ளையின் பெயர் கீ, இறங்கும் இடம் வேல்யூ. ஒரே கல்லில் வீட்டுப்பாடமும் ஆயிற்று, சரசுவுக்கு இங்கிலீஷில் பட்டியலும் ஆயிற்று.

வெள்ளிக்கிழமையே சரசுவுக்காக அடையாள அட்டைகளைப் பார்த்து எல்லாப் பெயரையும் ஒரு நோட்டில் குறித்துவைத்திருந்தாள். வேனில் அவள் எந்தப் பிள்ளையையும் அந்தப் பெயரில் கூப்பிட்டதே இல்லை, அது வேறு விஷயம். ஆனால் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பதென்றால் முறையான பெயரைத்தானே கொடுக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்து, போனில் உட்கார்ந்தாள். டிக்‌ஷனரியைத் தொடங்கவும் முடிக்கவும் போடுகிற நெளிந்த அடைப்புக்குறிக்கு அவள் மீசை என்று பெயர் வைத்திருந்தாள். போன் விசைப்பலகையில் மீசை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடவே கால் மணி நேரம். ஒவ்வொரு பெயராக, மேற்கோள்குறி போட்டு, முக்காற்புள்ளி போட்டு, இடம் போட்டு, காற்புள்ளி போட்டு, மத்தியானச் சோறு ஆறிப்போகிற வரைக்கும் அடித்தாள்.

ஓடவிட்டாள். சிவப்பு எழுத்து எதுவும் வரவில்லை. பட்டியல் அழகாக வரிசையாக விழுந்தது. மொத்தம் எத்தனை என்று கேட்பதற்கு ஒரு கட்டளை சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கேட்டாள்.

இருபத்து இரண்டு என்றது.

சரி, ஒன்றை விட்டிருப்போம் என்று நோட்டைப் பார்த்தாள். நோட்டில் இருபத்து மூன்று வரி. தான் அடித்ததை எண்ணினாள். அதிலும் இருபத்து மூன்று வரி. மறுபடி ஓடவிட்டாள். இருபத்து இரண்டு.

யாரைத்தான் முழுங்கியிருக்கிறது பார்த்துவிடுவோம் என்று நோட்டிலுள்ள பெயரை ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். அச்யுத்? கேம்பிரிட்ஜ் லேஅவுட் என்றது. ஷ்ரேயாஸ்? குருத்வாரா எதிரில் என்றது. இல்லாத பெயரைக் கேட்டால் சிவப்பாகக் கத்தும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பெயருக்கும் கத்தவில்லை. இருபத்து மூன்று தடவை கேட்டாள், இருபத்து மூன்று தடவையும் பதில் வந்தது. எல்லாரும் உள்ளே இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஆள் குறைகிறது. இதை எத்திராஜிடம் சொன்னாள்.

"மெஷினு தப்பா எண்ணாது மகா," என்றான் அவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீதான் ஒண்ணு கூட எண்ணறியோ என்னவோ."

இந்த ஒரு வார்த்தைதான் அவள் நிம்மதியைக் கெடுத்தது. ஆறு வருடமாகத் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாளே, ஒருவேளை ஒரு தலையை இரண்டு தரம் தொட்டிருப்பாளோ? பத்தாவதில் விட்ட கணக்கு இப்போது வந்து பழிவாங்குகிறதோ?

திங்கட்கிழமை வேனில் மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் இருபத்து மூன்று. ஓட்டுநர் கோவிந்தப்பா கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் இருபது வருடமாகப் பள்ளி வண்டி ஓட்டுபவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் பிரேக் போடுவார்.

"ஏனம்மா மகா, பிள்ளைங்க தலையில பேனு பாக்கறியா?"

"அண்ணா, நம்ம வண்டியில எத்தன பிள்ளைங்க?"

"இருவத்திமூணு."

"நெஜமாவா?"

கோவிந்தப்பா வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "ஏனாயித்து நினகே? உடம்பு சரியில்லையா?"

"போனு இருவத்திரெண்டுன்னு சொல்லுது."

"போனா எறக்கி விடுது பிள்ளைங்கள? நீ எறக்கு," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நியாயமான பேச்சுதான். ஆனால் வியாழக்கிழமை இறக்கப்போவது மகா இல்லை. சரசு கையில் இருக்கப்போவது அந்தக் காகிதம்தான். காகிதத்தில் ஒரு பிள்ளை இல்லையென்றால் அந்தப் பிள்ளையை யாரும் தேட மாட்டார்கள். ஆள் தெரியாத ஆயம்மாவுக்குக் காகிதம்தான் கண்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவள் ஒரு முடிவோடு வேனில் ஏறினாள். ஒவ்வொரு பிள்ளையும் இறங்கும்போது அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்து, போனில் பெயரைப் போட்டு, சரியான இடம் வருகிறதா என்று பார்ப்பது. முதலில் அச்யுத் இறங்கினான். வேனில் அவனுக்குப் பெயர் கவர்னர், கையைக் கட்டிக்கொண்டு யாரோடும் பேசாமல் உட்கார்ந்து வருவதால். சரியாக வந்தது. பிறகு ஷ்ரேயாஸ், அதாவது பக்கெட். அவன் வாந்திக்காகவே வண்டியில் ஒரு பக்கெட் வைத்திருந்தார்கள். அதுவும் சரி.

மர்பி டவுன் தண்ணீர்த் தொட்டி வந்தது. உச்சியில் கொத்துமல்லிக் கட்டுப் போல் முடி கட்டிய கொண்டை இறங்க எழுந்தாள். மகா அட்டையைப் பார்த்தாள், ஸ்னேஹா. போனில் போட்டாள். ஜோகுபாளையம் பேக்கரி என்றது.

"அட, தப்பா அடிச்சிருக்கேன்!" மகாவுக்குப் பெரிய நிம்மதி. தப்பு கிடைத்துவிட்டதே. அங்கேயே நின்று, ஸ்னேஹாவுக்கு மர்பி டவுன் என்று மாற்றினாள். கொண்டையை அத்தையிடம் ஒப்படைத்தாள். எத்தனை என்று கேட்டாள். இருபத்து இரண்டு. மூஞ்சி தொங்கிப்போயிற்று.

பத்து நிமிடத்தில் ஜோகுபாளையம் பேக்கரி. பேட்டரி இறங்கவேண்டும். காலை எட்டிலிருந்து வாய் ஓயாமல் பேசினாலும் சார்ஜ் இறங்காத பிள்ளை. அட்டையைத் திருப்பினாள், போட்டாள், மர்பி டவுன் தண்ணீர்த் தொட்டி என்றது. "ஐயோ ராமா, இதுவும் தப்பா!" என்று மாற்றப் போனவள், விரலை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த வரியை இப்போதுதானே மாற்றினோம்?

"பேட்டரி, உம் பேரு என்னா?"

"ஸ்னேஹா ஆன்ட்டி."

"அப்போ கொண்டை?"

"அவளும் ஸ்னேஹா ஆன்ட்டி. மிஸ்ஸு கூப்பிட்டா நான்தான் ரெண்டு தடவ எஸ் மிஸ் சொல்லுவேன். அவ சொல்லமாட்டா. அவளுக்கு ஷை. ஆன்ட்டி, எங்க அம்மா நேத்து புது மிக்ஸி..."

"இரு இரு," என்றாள் மகா. ஒரு வருடமாக இரண்டு பேரையும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்பது அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிய என்ன அவசியம்? கொண்டை வேறு, பேட்டரி வேறு. ஒருத்தியை இன்னொருத்தி என்று நினைக்க ஒரு குருடனாலும் முடியாது. நோட்டில் எழுதும்போதும், போனில் அடிக்கும்போதும், பெயரை எழுத்தெழுத்தாகப் பார்த்தாளே ஒழிய பிள்ளையைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போவதற்குள் ஸ்வர்ணாவுக்குப் போன் போட்டாள்.

"ஆமா அக்கா, ஒரு கீ ஒரு தடவைதான் இருக்கமுடியும். அதே கீயை மறுபடி குடுத்தீங்கன்னா பழைய வேல்யூவை அழிச்சுட்டு புதுசை வெச்சுக்கும்."

"சொல்லாமலேயேவா?"

"சொல்லாம."

"ஒரு வார்த்த கேக்கவேணாமா? ஏம்மா, இந்தப் பேர்ல ஏற்கனவே ஒரு பொண்ணு இருக்கா, அவள என்ன பண்றதுன்னு?"

"கேக்காதுக்கா. அது அப்படித்தான். நீங்க அட்மிஷன் நம்பரைக் கீயா வெச்சுக்கோங்க. அது ரெண்டு பேருக்கு ஒண்ணா இருக்காது."

அட்மிஷன் நம்பரா? சரசு வேனில் ஏறி நூற்றுப் பதினேழே என்று கூப்பிட்டால் எந்த நாலு வயசுப் பிள்ளை திரும்பிப் பார்க்கும்? இரண்டு பேருக்கு ஒன்றாக இல்லாத பெயர், கூப்பிட்டால் திரும்புகிற பெயர், இரண்டும் வேண்டும். அப்படி ஒன்று அவளிடம் இருபத்து மூன்று இருந்தது. அதைக் காகிதத்தில் போடத்தான் கூச்சமாக இருந்தது. யாராவது பெற்றோர் பார்த்தால்? என் பிள்ளை பக்கெட்டா என்று ஆபீஸில் போய் நின்றால்? அரை மணி நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எல்லாப் பெயரையும் அழித்துவிட்டு, வேனில் கூப்பிடுகிற பெயரை அடித்தாள்.

எத்தனை என்று கேட்டாள். இருபத்து மூன்று என்றது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை கேட்டாள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் பட்டியலை அச்சடித்துக் கையில் எடுத்தவர், கொடுக்காமல் படித்தார். பேட்டரி, பக்கெட், கவர்னர், கொண்டை, பொட்டலம், அரைடிக்கெட். அவள் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

"என்னா மேடம், போலீஸ் ஸ்டேஷன்ல வேலையா? ரவுடி லிஸ்ட் மாதிரி இருக்கு."

"அதுக்கும் மேல," என்று பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்து, பத்து மணிக்கெல்லாம் தங்கவயலில் தம்பி வீட்டில் இருந்தாள். சந்தனம், குங்குமம், ஏழு வகைச் சோறு, கூடத்தில் நாற்காலி போட்டு மாலையோடு தம்பி பெண்டாட்டி. நல்ல நேரம் பன்னிரண்டரைக்கு மேல் என்று எந்தப் புண்ணியவானோ குறித்துக் கொடுத்திருந்தான். பன்னிரண்டு நாற்பதுக்கு, மகா சந்தனக் கிண்ணத்தில் விரலை வைத்த நேரம், இடுப்பிலிருந்த போன் அடித்தது. சரசு.

"அக்கா, ஒண்ணு கம்மியா இருக்குது. இருவத்திரெண்டு தலதான்."

மகா கிண்ணத்திலிருந்து விரலை எடுத்தாள். "யாராச்சும் லீவா?"

"மிஸ்ஸு எல்லாரும் வந்தாங்கன்றாங்க. கேட்ல பேர் கூப்பிட்டு டிக் போட்டுத்தான் அனுப்புனாங்களாம். எல்லாம் எஸ் மிஸ் சொல்லியிருக்குதுங்க. நீ எண்ணுனது தப்புன்றாங்கக்கா. வண்டிய எடுக்கச் சொல்றாங்க."

"எடுக்காத. அண்ணன எடுக்கவேணாம்னு சொல்லு. நான் குடுத்த லிஸ்ட்ட ஒண்ணொண்ணாக் கத்து. ஆன்ட்டின்னு பதில் வந்தா மட்டும் டிக் போடு."

"இதெல்லாம் பேராக்கா? வெக்கமா இருக்குதுக்கா, பேரன்ட்ஸுங்க நிக்கிறாங்க."

"கத்துடி!"

கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வளையல் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த சித்தி, "மகா, நேரம் போவுது" என்றாள். மகா சந்தன விரலை ஆட்டி இரு என்றாள். போனுக்குள் சரசு முதலில் முனகினாள், பிறகு தொண்டை திறந்தது.

"கவர்னர்!" மெல்லிசாக ஒரு ஆன்ட்டி.

"பக்கெட்!" "எஸ் ஆன்ட்டி!" பின்னாலேயே தூரத்தில் ஒரு பெண் குரல், யாருடைய அம்மாவோ, "வாட்? பக்கெட்டா?" என்றது.

"அரைடிக்கெட்! பொட்டலம்! பேட்டரி!" எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பேட்டரியின் பதில் மட்டும் முடியவே இல்லை.

"கொண்டை!"

ஒன்றும் வரவில்லை.

"கொண்டை!"

"சரசு," என்றாள் மகா. "பேட்டரியக் கேளு. அவளுக்குத் தெரியும்."

போனில் கரகரவென்று சத்தம், பிறகு அந்த ஓயாத குரல் எங்கிருந்தோ வந்தது. "கொண்டை தூங்கறா ஆன்ட்டி. விளையாடற பந்து ரூம்ல. பந்துக்கு உள்ள. நான் எழுப்பினேன், போடின்னா. அதான் நானே எஸ் மிஸ் சொல்லிட்டேன், அவளுக்கும் சேத்து."

கோவிந்தப்பாவின் செருப்புச் சத்தம் ஓடியது. அந்த வயதில் அவர் ஓடுவார் என்று மகா நினைத்ததில்லை. கூடத்தில் யாரோ நேரம் பார்த்தார்கள். தம்பி பெண்டாட்டி மட்டும் மகாவையே பார்த்துக்கொண்டு, வயிற்றின்மேல் கையை வைத்திருந்தாள்.

"சிக்தம்மா!" என்றார் கோவிந்தப்பா, மூச்சு வாங்க. "கிடைச்சிட்டா. நூறு பந்துக்கு அடியில கொண்டை மட்டும் வெளிய தெரிஞ்சுது. தூக்கினு வரேன். எழுந்துக்கவே இல்ல இன்னும்."

மகா சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒரு ஸ்னேஹாவை அழித்துவிட்டு இன்னொரு ஸ்னேஹாவை வைத்துக்கொண்ட அந்தப் போனை நினைத்தாள். கேட்டில் நின்று டிக் போட்ட மிஸ்ஸையும் நினைத்தாள். இருவரில் யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. பேட்டரியின் மேல் கோபப்படலாமா என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை.

"அண்ணா, போன வெக்காதீங்க. கடைசி ஸ்டாப் வரைக்கும் லைன்லயே இருங்க."

"ஏய், உனக்கு அங்க ஃபங்ஷன் இல்லையா?"

"நடக்குது."

நடந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, தம்பி பெண்டாட்டியின் இரண்டு கன்னத்திலும் சந்தனம் பூசினாள். குங்குமம் வைத்தாள். முதல் வளையலை எடுத்தபோது கேம்பிரிட்ஜ் லேஅவுட்டில் கவர்னர் இறங்கினான். "என்னாடி இது, ஆபீஸர் மாதிரி," என்று சித்தி முணுமுணுத்தாள். "இருக்கட்டும் அத்த," என்றாள் தம்பி பெண்டாட்டி. "அண்ணி, இந்தக் கையில போடுங்க, அந்தக் கை வீங்கியிருக்கு." குருத்வாரா எதிரில் பக்கெட்டின் அம்மா நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து பேசுவதாகச் சொல்லியனுப்பினாள். மர்பி டவுனில் கொண்டை தூங்கிக்கொண்டே அத்தையின் தோளுக்கு மாறினாள். ஜோகுபாளையத்தில் பேட்டரியை இறக்கியதும் வண்டி திடீரென்று அமைதியாகிவிட்டது, அது தங்கவயல் வரைக்கும் கேட்டது.

"ஆயித்தும்மா," என்றார் கோவிந்தப்பா கடைசியில். "வண்டி காலி."

"சீட்டுக்கு அடியில பாத்தீங்களா?"

"பாத்தாச்சு."

"கடைசி சீட்டு?"

"சரசு பாத்தா, நானும் பாத்தேன். பக்கெட்டுகூட காலி. போன வெய்யும்மா, அந்தப் பொண்ணுக்குக் கை வலிக்கப் போவுது."

மகா போனை வைக்கவில்லை. அவர் வைக்கிற வரைக்கும் காதிலேயே வைத்திருந்தாள். பிறகு இன்னொரு பச்சை வளையலை எடுத்து, மெதுவாக, வீங்காத கையில் ஏற்றினாள்.